மாமனார் நாற்காலியும் ஒன்பது பவுண்டு மீனும்

மைலோ ராடிச் தன் அறுபத்தேழு வயதுக்குள் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதையும் ஏரிக்குள் போட்டு அமுக்கி வைத்திருந்தான். மூன்று வருஷமாக மழை ஏமாற்றியதில் அது வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். ஊரில் இப்போது ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டுகிறார்கள். நான்தான் அவனைத் தூண்டிவிட்டேனாம், மீன் முதலிலேயே செத்த மீனாம். செத்த மீனாம்! என் கையால் வலையில் அள்ளிய மீன், அது துள்ளிய துள்ளலில் என் மூக்குக் கண்ணாடி போய்விட்டது. பேசுகிற எவனும் அங்கே இல்லை. இருந்தவன் நான், ஆகவே நான் சொல்கிறேன்.

என் பெயர் கில் என்சினாஸ். அரிசோனாவில், க்ளோப் ஊரில், நெடுஞ்சாலை ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறேன். மைலோ என் முப்பது வருஷச் சிநேகிதன். செர்பியாவிலிருந்து செம்புச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் அவனுடையது. அப்பாவும் பெரியப்பாக்களும் பூமிக்குள் இறங்கிச் சம்பாதித்தவர்கள். இவன் மட்டும் இருட்டு ஆகாது என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போனான். முப்பத்தொரு வருஷம் ஓட்டினான். ஆள் ஆறேகால் அடி, மனசு கோழிக்குஞ்சு. பிள்ளைகள் இருக்கையில் பபிள்கம் ஒட்டினால் பிள்ளைகளைத் திட்டமாட்டான், இருக்கையிடம் மன்னிப்புக் கேட்பான். பொய் அவனுக்கு வராது. வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதும் சிவந்துவிடும். அந்த ஒரு பொய்யையும் போனில் சொன்னதால்தான் தப்பித்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவனுக்கு எல்லாமே ஏரியில் தூண்டில் போட்டுப் பிடிக்கிற பாஸ் மீன்தான். எனக்கும் அப்படித்தான், ஒளிப்பானேன். வாரத்தில் இரண்டு நாள் டோரோ அணை ஏரிக்குப் போவோம். பிடிப்போம், எடை பார்ப்போம், விட்டுவிடுவோம். தின்பதற்குப் பிடிக்கிறவனை எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் எவனிடமாவது போய் உன் சம்பளம் என்ன, உனக்கு மூலமா, உன் பெண்டாட்டி ஏன் அம்மா வீட்டுக்குப் போனாள் என்று கேளுங்கள், உட்கார வைத்து முழுதாகச் சொல்வான். இந்த மீனை எங்கே பிடித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் "தண்ணியில" என்பான். கூடப் பிறந்தவனிடமும் அதையே சொல்வான். போட்டோ எடுத்தால் பின்னால் ஒரு மலைகூடத் தெரியாமல் எடுப்பான். மலையின் கொம்பைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கிற கில்லாடிகள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

அதோடு, பாஸ் மீனுக்கு நிழல் வேண்டும். மொட்டைத் தரையில் நிற்காது, எதையாவது அண்டித்தான் நிற்கும். எங்கள் ஏரியின் அடித்தரையோ பாலைவனம், என் மண்டையைப்போல வழுக்கை. ஆகவே ஆளாளுக்கு இரகசியமாக எதையாவது கொண்டுபோய் மூழ்கடிப்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த மரம், உடைந்த பெஞ்சு, சிமெண்ட் குழாய். சட்டப்படி கூடாது. அதனால் அது இரட்டை இரகசியம். ஆளில்லாத நேரம் பார்த்துப் போடுவான், பிறகு ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டான்.

மைலோவுக்கும் அப்படி ஒரு மூலை இருந்தது. பதினோரு வருஷமாக அங்கே போகும்போதெல்லாம் என் தொப்பியை மூக்குவரை இழுத்துவிடச் சொல்வான். மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் படகுத் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவான். முப்பது வருஷச் சிநேகிதனுக்கு இந்த மரியாதை! ஆனால் அங்கே மீன் விழுந்தது. வீசினால் மீன், வீசினால் மீன். அதனால் நானும் குருடன் வேஷம் போட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன்.

இந்த மே மாதம் ஆளே மாறிப்போனான். தினம் காலை ஆறு மணிக்குப் போன்.

"டேய் கில், இன்னிக்கு எட்டு அங்குலம் எறங்கிருச்சுடா."

"என்னடா எறங்கிருச்சு? பிரஷரா?"

"தண்ணி. அணைத் தண்ணி."

மறுநாள் ஏழு அங்குலம், அதற்கு மறுநாள் ஒன்பது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை அவனுக்கு. இடுப்பு வாரில் புது ஓட்டை போட என் கடைக்கு வந்தான். புதன்கிழமை மத்தியானம் மறுபடி வந்து, ஒரு லாரி டயருக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, "நாளைக்கு விடியக்காலம் போகணும். நல்ல கயிறா எடுத்துக்க" என்றான்.

"மீன் பிடிக்க எதுக்குடா கயிறு?"

"கேக்காத. சங்கிலி இருந்தா அதையும் போட்டுக்க."

மறுநாள் அவன் வண்டியில் நான் ஏறியதும் வழக்கம்போல என் சாப்பாட்டுப் பையைத் துழாவி வாழைப்பழம் இருக்கிறதா என்று பார்த்தான். வாழைப்பழம் ஏறிய படகில் மீன் ஏறாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பீன்ஸ் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டி மட்டும் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான். ஊரைத் தாண்டினோம். அப்புறம் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்.

"கில். டார்லாவோட அப்பா நாற்காலிய திருடினது நான்தான்டா."

எனக்குக் குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது.

டார்லா அவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். அவள் கரண்டியைத் தட்டினால் தலைமை ஆசிரியரே வரிசையில் நிற்பார். அவளுடைய அப்பா வில்மர் பாஸ்கோ போய்ச் சேர்ந்தபோது ஒரு மெத்தை நாற்காலியை விட்டுப்போனார். பின்னால் சாய்ந்தால் காலுக்கு ஒரு மேடை எழும்புமே, அந்த ரகம். மஞ்சள் கட்டம் போட்ட துணி. மனுஷர் முப்பது வருஷம் அதில் உட்கார்ந்து தேய்த்திருந்தார். டார்லா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்கு நேர் எதிரே போட்டாள். யாரும் உட்காரக்கூடாது என்றாள். ஆறு வருஷம் மைலோ தன் சொந்த வீட்டில், சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு, நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டி எட்டி டிவி பார்த்தான்.

"ஸ்பிரிங் போயிருச்சு, மெத்தைக்காரன்கிட்ட குடுத்துட்டு வான்னு அனுப்புனாடா. நானும் நல்ல மனசோடதான் ஏத்துனேன். ஏரி திருப்பம் வந்துச்சு. வண்டி தானா திரும்பிருச்சு."

"வண்டி திரும்புச்சா, நீ திருப்புனியா?"

"கைதான் திருப்புச்சு. நான் இல்ல."

படகுத்துறையில் அவன் படகு கட்டிக்கிடந்த காலம் அது. இரண்டு சிமெண்ட் கல்லைக் கட்டி, அந்த மூலையில் இருபத்தைந்தடி ஆழத்தில் மாமனார் நாற்காலியை இறக்கிவிட்டான். பிறகு டார்லாவுக்குப் போன் போட்டு, பெட்ரோல் பங்கில் புரிட்டோ வாங்கப் போனேன், திரும்பி வந்தால் வண்டியில் நாற்காலியைக் காணோம், எவனோ தூக்கிவிட்டான் என்றான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. டார்லா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ராய்ஸ்!" என்றாள்.

ராய்ஸ் அவளுடைய தம்பி, சாஃபர்டில் இருக்கிறான். சாவு வீட்டிலேயே அந்த நாற்காலி எனக்குத்தான் என்று கத்தியவன். டார்லா மறுநாள் சர்ச்சு முடிந்த கையோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தாள். அவனும் பதிலுக்குக் கேட்டான். அன்றோடு அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. அவன் மகள் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. இவளுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது அவன் வரவில்லை. பதினோரு வருஷம்.

"நீ வாயத் தொறக்கலையாடா, பாவி?" என்றேன்.

"முதல் வாரம் தொறந்திருக்கணும் கில். ரெண்டாவது வாரம் பயமாயிருச்சு. ஒரு வருஷம் ஆனப்புறம், ஏன்டா ஒரு வருஷமா சொல்லலன்னு கேப்பாளேன்னு சொல்லல. அப்படியே போயிருச்சு." அவன் காது சிவக்கவில்லை. முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "சனிக்கிழமை ஏரிய சுத்தம் பண்றாங்க. கரையெல்லாம் நடந்து குப்பை பொறுக்குவாங்க. யாரு தலைமை தெரியுமா?"

தெரியும். டார்லா. டயர் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டச் சொல்லி அவளே வந்து கொடுத்திருந்தாள்.

படகை இறக்குவதே பெரும்பாடாக இருந்தது. சிமெண்ட் சரிவு முடிந்து, அதற்கப்புறம் சரளைக்கல்லில் நூறடி தள்ளித்தான் தண்ணீர். பாறைகளில் பழைய தண்ணீர் மட்டம் வெள்ளைப் பட்டையாக எங்கள் தலைக்கு மேலே நின்றது. மூலைக்குள் நுழையும்போது பழக்கதோஷத்தில் தொப்பியை இழுத்துவிட்டேன்.

"எடுடா தொப்பிய, இனிமே என்ன இருக்கு" என்றான் மைலோ.

எடுத்தேன். அடேயப்பா! கரையோரச் சேற்றில், முன்னங்கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நாற்காலி. பாசியும் கிளிஞ்சலும் அப்பியிருந்தாலும் மஞ்சள் கட்டம் தெரிந்தது. அரை மைல் தூரத்திலிருந்தே நாற்காலி என்று சொல்லிவிடலாம். அதன்மேல் ஒரு பெரிய சாம்பல் கொக்கு, ஒற்றைக்காலில்.

"பாத்தியாடா!" மைலோ கையை நீட்டிக் காட்டினான். "ஆறு வருஷம் நான் முக்காலில உக்காந்தேன். இந்தக் கொக்கு உக்காந்திருக்கு!"

கொக்கை விரட்டினோம். திட்டம் சுலபமானது. கயிற்றைக் கட்டுவது, படகால் இழுப்பது, அணைச்சுவர்ப் பக்கம் நாற்பதடி ஆழத்தில் மறுபடி இறக்குவது. அரைமணி வேலை. ஏழு மணிக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதுவாகக் காபி குடிக்கலாம். நான் கயிற்றில் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். அப்போது நாற்காலிக்கடியில் தண்ணீர் குபுக் என்று ஒரு புரளல் புரண்டது. சின்ன மீன்கள் சில்லறை கொட்டினாற்போலச் சிதறி ஓடின.

நான் மைலோவைப் பார்த்தேன். மைலோ என்னைப் பார்த்தான்.

"ஒரே ஒரு வீச்சு" என்றான்.

"வேண்டாம்டா. கல்யாணம் முறியற விஷயம்."

"கில், அது சின்னது இல்லடா. அது வாசல் அகலம் இருக்கு. ஒரே ஒரு வீச்சு."

ஒரே ஒரு வீச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. மறைப்பானேன், நானும்தான் வீசினேன். ரப்பர் புழு போட்டோம், ரப்பர் தவளை போட்டோம், நண்டு மாதிரி ஒன்று இருக்கிறது, அதையும் போட்டோம். அந்த மீன் ஒவ்வொன்றையும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று, கடைக்கு வந்து துணி எடுக்காமல் போகிற மாதிரி. வெயில் ஏறிவிட்டது. அப்போதுதான் மலைத்திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு படகின் இரைச்சல் கேட்டது.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. லோவெல் ஹாக்ஸ். எங்கள் சங்கத் தலைவர். அவருக்குத் தெரிந்தால் பத்து நிமிஷத்தில் மாவட்டத்துக்கே தெரியும். அடுத்து மைலோ செய்ததைப் பார்த்து நான் அப்படியே மலைத்துப்போனேன். படகிலிருந்து குதித்தான், சேற்றில் முழங்கால்வரை புதைந்து புதைந்து ஓடினான், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மழைக்கோட்டை விரித்துக் கால்வரை மூடிக்கொண்டான். கையில் தூண்டில். இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக மாமனார் நாற்காலியில் அவன் உட்கார்ந்தது இப்படித்தான்.

லோவெல் ஒரு நூறு கெஜத்துக்கு அப்பால் படகை நிறுத்தினார். "என்னப்பா மைலோ, கரையில எறங்கிட்ட?"

"இடுப்பு வலிங்க! கொஞ்சம் உக்காந்து புடிக்கறேன்!"

"இந்த வெயில்ல எதுக்கு மழைக்கோட்டு?"

"தோல் டாக்டரு சொன்னாருங்க!"

"எதும்மேல உக்காந்திருக்க?"

"பாறைங்க!"

அவன் காது இரண்டும் சிக்னல் விளக்குப்போல எரிந்தன. நல்லவேளை, நூறு கெஜத்தில் தெரியாது. லோவெல் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினைத் தட்டப் போனார். அந்த நேரம் பார்த்து மைலோவின் தூண்டில் வில்லாக வளைந்தது.

இரண்டு மணி நேரமாக எதையும் தொடாத மகராசி, இவன் சும்மா தொங்கவிட்ட புழுவைக் கவ்வியிருந்தாள். எழுந்தால் நாற்காலி தெரிந்துவிடும். எழாவிட்டால் மீன் போய்விடும். மைலோ எழவில்லை. உட்கார்ந்தபடியே மல்லுக்கட்டினான். மீன் இந்தப் பக்கம் இழுக்க, அவன் அந்தப் பக்கம் சாய, நாற்காலியின் கால்மேடை படாரென்று விரிந்து, ஆள் மல்லாக்கச் சாய்ந்துவிட்டான். பதினோரு வருஷம் தண்ணீரில் கிடந்தும் அந்த விசை வேலை செய்தது! இரண்டு காலும் மேலே, தொப்பி கீழே, வானத்தைப் பார்த்தபடி ரீலைச் சுற்றுகிறான். "கில்! வலை! வலைடா!" என்று கத்துகிறான்.

"ஆகா, பிரமாதமான பாறையப்பா!" என்று லோவெல் கத்திவிட்டுப் போய்விட்டார். மனுஷருக்குக் கிட்டப்பார்வை. இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் வலையோடு சேற்றில் பாய்ந்து அள்ளினேன். என் கண்ணாடி போனது இப்போதுதான். தராசுக் கொக்கியில் மாட்டினோம். ஒன்பது பவுண்டு, இரண்டு அவுன்ஸ். எங்கள் ஏரியில் அப்படி ஒன்றை முப்பது வருஷத்தில் நானும் பிடித்ததில்லை, அவனும் பிடித்ததில்லை. அவன் நாற்காலியில் சாய்ந்தபடியே மீனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது. வாழ்க்கையில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு நாள் வருவது சாதாரணமா?

"போட்டோ எடுடா. சீக்கிரம், மீனத் தண்ணில விடணும்" என்றான். நான் போனைத் தூக்கியதும், "இரு, இரு! மலை! பின்னாடி மலை தெரியுதுடா!" என்று அலறினான்.

சரிதானே. அந்த மலைக்கு இரண்டு கொம்பு, யார் பார்த்தாலும் இந்த மூலை என்று சொல்லிவிடுவான். வலக்கொம்பு மறைய நான் நகர்ந்து நின்றேன். இடக்கொம்பு தெரிந்தது. என் சட்டையைக் கழற்றி வலைக்கம்பில் மாட்டிச் சேற்றில் நட்டு, அந்தக் கொம்பை மறைத்தேன். ஒரு சகுவாரோ கள்ளி மூன்று கையோடு ஓரத்தில் நின்றது. அதையும் அடையாளம் பிடிப்பார்கள் என்றான். மைலோவை அப்படியே நாற்காலியோடு அரை அடி திருப்பி அதையும் மறைத்தேன். வெற்றுடம்போடு, கண்ணாடியில்லாமல், எவ்வளவு கவனமாக எடுத்தேன் தெரியுமா! இரண்டு பேரும் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகச் சோதித்தோம். மலை இல்லை. கள்ளி இல்லை. எங்கே எடுத்தது என்று எவனாலும் சொல்ல முடியாது.

மீனை விட்டோம். கயிறு கட்டினோம், நாற்காலியைப் பிடுங்கினோம், மூச்சுவாங்க இழுத்துப்போய் நாற்பதடி ஆழத்தில் இறக்கினோம். குமிழி விட்டுக்கொண்டு போய்விட்டது. மைலோ தன் படகுத் திரையில் அந்த இடத்துக்கு ஒரு குறி போட்டான்.

"எதுக்குடா குறி?"

"நல்ல நிழல்டா கில். அடுத்த வருஷம் மீன் வரும்."

திருந்தாத ஜென்மம் என்று சிரித்தேன். திரும்பும்போது இருவரும் பாட்டுப் பாடினோம். மலை உச்சியில் போனுக்கு உயிர் வரும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மைலோ அந்தப் படத்தைச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பினான். பதில் சரமாரியாக வந்தது. யம்மாடி, அசுரன், எங்கடா பிடிச்ச. மைலோ கட்டைவிரலால் ஆசை ஆசையாக எழுதினான்: தண்ணியில. சுத்தம் செய்யும் நாளுக்காகப் போன வாரம்தான் டார்லாவையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அவளுடைய பதில் பன்னிரண்டாவதாக வந்தது. "கைப்பிடியில் இருக்கிற அந்தப் பச்சைத் துணி நான் தைத்தது."

மைலோ போனை என்னிடம் நீட்டினான். நான் படித்துவிட்டு அவனிடம் நீட்டினேன். அவன் மறுபடி என்னிடம் நீட்டினான். படத்தைப் பெரிதாக்கினேன். மீனின் வாலுக்குக் கீழே, பாசியெல்லாம் அவன் முழங்கை தேய்த்ததில் பளிச்சென்று துடைபட்டு, கைவேலையாகப் பச்சை ஒட்டுத்துணி. மலையை மறைத்தோம், கள்ளியை மறைத்தோம், நாற்காலியை மறைக்க வேண்டும் என்று இரண்டு மடையர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "நீ முதல்ல போடா" என்றான். "உன் பெண்டாட்டிடா" என்றேன். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குள் நுழைந்து இடித்துக்கொண்டோம். கரண்டி பறக்கும், தட்டுப் பறக்கும் என்று நான் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டுதான் போனேன்.

டார்லா சமையலறைச் சுவரோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். காதில் போன். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ராய்ஸ்" என்றாள். "நான்தான்டா. டார்லா. வெச்சிராத. வெச்சிராதடா, ஒரு நிமிஷம் கேளு." குரல் உடைந்துவிட்டது. "நீ எடுக்கலடா. நீ எடுக்கல. எனக்கு இப்பத்தான் தெரியும்."

மைலோ அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த அறுபத்தேழு வயது ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. போனை வைத்தபின் டார்லா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது இப்ப எங்க?"

"நாப்பதடி ஆழத்துலம்மா."

"எடத்தக் காட்ட முடியுமா?"

காது சிவக்க, தரையைப் பார்த்தபடி சொன்னான். "குறி போட்டிருக்கேன்."

சனிக்கிழமை சங்கமே கரையில் கூடி நின்றது. குப்பை பொறுக்க வந்தவர்கள் ஒருவரும் குனியவில்லை. கொக்கியைப் போட்டு, சங்கிலியைக் கட்டி, என் கடை லாரியின் இழுவை உருளையால் நாற்காலியை மேலே ஏற்றினோம். அது சரிவில் தவழ்ந்து வந்து நின்றபோது, ஒரு பழைய சிவப்பு வண்டியிலிருந்து ராய்ஸ் இறங்கினான். குட்டையான ஆள், தலை நரைத்திருந்தது. அக்காளும் தம்பியும் நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு வரலையேடா நான்" என்றாள் டார்லா. கன்னமெல்லாம் கண்ணீர். "திருடன்னு சொல்லிட்டேனேடா உன்ன."

ராய்ஸ் காலால் சரளைக்கல்லைக் கிளறினான். "அக்கா, நீ அழாத. ஒண்ணு சொல்றேன், அடிக்கக்கூடாது."

"சொல்லு."

"திருடத்தான் வந்தேன். நீ சர்ச்சுக்குப் போற நேரம் பாத்து வண்டியெல்லாம் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். ஜன்னல் வழியா பாத்தா நாற்காலியக் காணோம். மச்சான் ஒருநாள் முந்திக்கிட்டாரு."

டார்லா கையிலிருந்த குப்பைப் பையால் அவனை ஒரு சாத்து சாத்தினாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது அடிக்கு முன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்ததில் நாற்காலியின்மேல் சாய்ந்தாள், ராய்ஸ் அவளைப் பிடிக்கப் போய் அவனும் சாய்ந்தான், நாற்காலிக்குள்ளிருந்து நாலைந்து நண்டுகள் குதித்து ஓடின.

மைலோ மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்லா அவனிடம் வந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எத்தன வருஷம்?"

"பதினொண்ணு."

"நாற்காலி கார் கொட்டகைல இருக்கும். நீ இனிமே அதுலதான் படுக்கற. பதினோரு வருஷம். ஒருநாள் கொறைக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றான் மைலோ.

ஆறு மாதம் ஆயிற்று. அவள் குறைக்கவில்லை. நாற்காலியை எத்தனை தடவை கழுவியும் மீன்வாடை போகவில்லை, இப்போது மைலோ மேலும் அதே வாடை. தெருப்பூனைகள் எல்லாம் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஞாயிறு தவறாமல் ராய்ஸ் சாஃபர்டிலிருந்து வந்துவிடுகிறான், நாற்காலியில் எனக்குப் பாதிப் பங்கு என்று சண்டை போடுகிறான், சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

போன ஞாயிறு மத்தியானம் மைலோவைப் பார்க்கப் போனேன். கால்மேடையை விரித்துக்கொண்டு மல்லாக்கச் சாய்ந்திருந்தான், வயிற்றின்மேல் ஒரு பூனை. பக்கத்தில் ஒரு தலையணை, ஒரு டார்ச். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் டார்லாவும் ராய்ஸும் அப்பா எந்தப் பக்கம் தலை சாய்த்துத் தூங்குவார் என்று கத்திக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே சிரித்தார்கள்.

"டார்லாகிட்ட நான் வேணா பேசிப் பாக்கட்டுமாடா?" என்றேன். "வயசான காலத்துல இந்த நாத்தத்துல கெடக்கற."

அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்தான்.

"வேணாம்டா. அவ ரூம்ல படுத்தா இவங்க சிரிப்பெல்லாம் கேக்காது" என்றான், காதைச் சுவரோரம் வைத்துக்கொண்டு.